நூற்றெட்டு எண்ண ஒரு கைபேசி எதற்கு?

தாம்பரத்தில் அதிகாலை மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியிருப்பதால், தினமும் ‘நமசிவாய’ என்னும் ஐந்தெழுத்தை 108 முறை ஓதும் என் வழக்கம் இரண்டு ஆண்டுகளாகக் கைபேசிச் செயலி ஒன்றின் எண்ணிக்கையை நம்பியே நடந்து வந்தது. திரையைத் தொட்டால் எண் ஏறும். ஆனால் நாற்பதைத் தாண்டுவதற்குள் அலுவலகக் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்து விழும், அதற்குப் பதில் எழுதி முடிக்கும்போது பல்லாவரம் போயிருக்கும்.

அறிவிப்புகளை நிறுத்திப் பார்த்தேன். கை தானாகவே செய்திகளைத் திறந்தது என்பதால், குறை கருவியில் மட்டும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது வீட்டில் ருத்திராட்ச மாலையைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உருட்டுகிறேன்; 108 மணிகளும் முடிந்து மேரு மணி (சுற்றின் முடிவைக் காட்டும் தலைமணி) வந்ததும் அதைக் கடக்காமல் மாலையைத் திருப்பிக்கொள்வதால், எண்ணிக்கையைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. நெரிசலான பெட்டியில் மாலையை எடுக்கக் கூச்சமாக இருக்கும் நாள்களில் (கூச்சம் தேவையற்றது என்று தெரியும், இருந்தும் போகவில்லை) வலக்கையின் நான்கு விரல்களிலும் உள்ள மூன்று மூன்று கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுப் பன்னிரண்டு எண்ணி, ஒவ்வொரு சுற்றுக்கும் இடக்கையில் ஒரு கணு நகர்கிறேன். ஒன்பதாவது கணுவில் 108 நிறைகிறது. கைபேசி அதுவரை பையின் அடியில், சாப்பாட்டுத் தூக்குக்குக் கீழே கிடக்கிறது. எடுக்க வேண்டுமானால் தூக்கை வெளியே வைக்க வேண்டும், நெரிசலில் அது நடக்காது.

மனம் இன்னும் அலைகிறது. ஆனால் பெரும்பாலான நாள்களில், கிண்டி வருவதற்குள் ஓதி முடித்துவிடுகிறேன்.