பழைய நூற்பட்டியலுக்குப் பணம் கொடுத்தது யார்? தேடிக் கண்டுபிடிக்கும் முறை

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1948 முதல் 1969 வரை மாதாமாதம் ஒரு ரஷ்ய நூல்வரவுப் பட்டியலை அச்சிட்டது. 1951 முதல் 1961 வரை கிழக்கு ஐரோப்பாவுக்கும் அப்படியொன்று வந்தது. பனிப்போர் கால வரலாறு படிக்கிற மாணவர்களுக்கு இவை இரண்டும் பெரிய வரப்பிரசாதம். நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு உதவுவதுதான் என் வேலை. இந்தத் தொகுதிகளை எடுத்துக் காட்டினால் உடனே வருகிற கேள்வி, "இதெல்லாம் சிஐஏ காசுதானே மேடம்?" என்பது. ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது. யார், எந்த வழியாக, எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்று காகிதத்தைக் காட்டிச் சொல்ல முடியும். அதற்கான வழியை எழுதுகிறேன்.

முதலில் பட்டியலையே கையில் எடுங்கள். ஹாத்திடிரஸ்ட் என்ற இணைய நூலகத் தளத்தில் அமெரிக்க அரசு வெளியீடுகளுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமைத் தடை இல்லை. பக்கம் பக்கமாகத் திரையில் படிக்கலாம். ரஷ்யப் பட்டியலைத் திறந்தால் மூன்று பகுதிகள் தெரியும். முதல் பகுதியில் நூல்கள், இரண்டாவதில் பருவ இதழ்கள், மூன்றாவதில் இரண்டுக்கும் சேர்த்துப் பொருள் அகரவரிசை. இரண்டாவது பகுதியில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு சோவியத் உலோகவியல் இதழின் பெயருக்குக் கீழே அந்த இதழின் பொருளடக்கம் கட்டுரை கட்டுரையாக ஆங்கிலத்தில் இருக்கும். ரஷ்ய எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பொறியாளர், எந்த ஆய்வுக்கூடத்தில் எந்த உலோகக் கலவையைப் பற்றி எழுதுகிறார்கள் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். உளவுத் துறைக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். தொடர்ந்து எழுதிவந்த ஒரு விஞ்ஞானியின் பெயர் திடீரென்று காணாமல் போனால் அதுவும் ஒரு செய்திதான்.

அப்புறம் முன்னுரை, தலைப்புப் பக்கத்தின் பின்புறம், நன்றிக் குறிப்பு ஆகியவற்றைப் படியுங்கள். எல்லா ஆண்டுத் தொகுதியிலும் படிக்க வேண்டும், ஏனென்றால் பணம் கொடுப்பவர் இடையில் மாறியிருக்கலாம். கிழக்கு ஐரோப்பியப் பட்டியலின் தொடக்கத்தைத் தேடிப் போனால் 'சுதந்திர ஐரோப்பாவுக்கான தேசியக் குழு' என்ற பெயர் வரும். அதன் மத்திய ஐரோப்பிய ஆய்வு மையம் வழியாகத்தான் ஆதரவு வந்தது. 1949-இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்தக் குழு வெளிப்பார்வைக்குக் குடிமக்கள் அமைப்பு. ஊர் ஊராக நன்கொடை கூடத் திரட்டியது. ஆனால் அதன் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது சிஐஏ. 1967-இல் சிஐஏ பணம் பெற்ற அமைப்புகள் பத்திரிகைகளில் அடுத்தடுத்து அம்பலமானபோது இதுவும் பேசப்பட்டது. 1971-இல் செனட்டர் கிளிஃபோர்ட் கேஸ் அந்தக் குழு தொடங்கிய சுதந்திர ஐரோப்பா வானொலிக்கு வந்த பணத்தைப் பகிரங்கமாகவே எழுப்பினார். ஆகவே நன்றிக் குறிப்பில் ஒரு அறக்கட்டளை, குழு, மையம் எதன் பெயர் இருந்தாலும் அங்கே நின்றுவிடாதீர்கள். அந்தப் பெயரைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று இன்னொரு தேடல் தொடங்குங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது காங்கிரஸ் நூலகரின் ஆண்டறிக்கை. இதுவும் ஹாத்திடிரஸ்டில் இருக்கிறது. கதை சொல்லும் முன்பகுதியை வேகமாகப் புரட்டிவிட்டு, பின்னிணைப்பில் உள்ள நிதி அட்டவணைக்குப் போங்கள். நாடாளுமன்றம் நூலகத்துக்கு நேரடியாக ஒதுக்கிய தொகை ஒரு பக்கம், பிற அரசுத் துறைகளிலிருந்து வந்த தொகை இன்னொரு பக்கம் என்று இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

ஒரு அரசுத் துறை இன்னொன்றிடம் வேலை வாங்கிக்கொண்டு காசு கொடுக்க அங்கே 1932-ஆம் ஆண்டின் சிக்கனச் சட்டம் இடம் தருகிறது. அதில் ரகசியம் எதுவும் இல்லை. விமானப்படை 1948 முதல் இப்படித்தான் நூலகத்துக்குள்ளேயே ஒரு ஆய்வுப் பிரிவை நடத்தியது. வெளிநாட்டு நூல்களையும் இதழ்களையும் படித்துத் தன் உளவுப் பிரிவுக்குச் சாரம் எழுதித் தரும் வேலை. அதன் வழிவந்த பிரிவு பல பத்தாண்டுகள் நூலகத்தில் இயங்கியது. சிஐஏ விஷயம் வேறு. 1949-இல் வந்த சிஐஏ சட்டம், பிற துறைகளுக்குப் பணம் மாற்றவும் பெறவும் அதற்கு அதிகாரம் தந்தது. செலவை வெளியில் சொல்லாமலிருக்கவும் அதே சட்டம் இடம் தந்தது. எனவே ஆண்டறிக்கையில் துறைப் பெயர் இல்லாத ஒரு தொகை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது சிஐஏ என்று அந்த இடத்திலேயே எழுதிவிடாதீர்கள். அதற்கு அடுத்த படி இருக்கிறது.

அந்த அடுத்த படி சிஐஏவின் மின்னணு வாசிப்பறை. இருபத்தைந்து ஆண்டு கடந்த ஆவணங்களைத் திறந்துவிட வேண்டும் என்று 1995-இல் அதிபர் கிளின்டன் போட்ட ஆணையால் உருவான தொகுப்பு இது. பல ஆண்டுகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போய், அங்கிருந்த நான்கு கணினிகளில் ஒன்றில் உட்கார்ந்துதான் பார்க்க முடிந்தது. தகவல் உரிமை அமைப்பான மக்ராக் வழக்குப் போட்டு விடாமல் போராடிய பிறகு, 2017 ஜனவரியில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் இணையத்துக்கு வந்தன. இங்கே உட்கார்ந்து நாம் இந்த வேலையைச் செய்ய முடிகிறதென்றால் அதற்கு அந்த வழக்குதான் காரணம்.

இங்கே தேடுவது பொறுமை கேட்கிற வேலை. பழைய தட்டச்சுத் தாளை ஸ்கேன் செய்து, எழுத்தைக் கணினி தானாகப் படித்திருக்கிறது. மங்கலான நகலில் ஒரு எழுத்து பிசகியிருந்தால் பட்டியலின் முழுப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. ஆகவே பெயரை உடைத்துத் தேடுங்கள். 'ரஷ்யன் அக்சஷன்ஸ்' என்று ஒரு முறை, 'ஈஸ்ட் யூரோப்பியன் அக்சஷன்ஸ்' என்று ஒரு முறை. ரஷ்யப் பட்டியல் தொடக்கத்தில் 'லிஸ்ட்' என்றும் பின்னாளில் 'இண்டெக்ஸ்' என்றும் பெயர் வைத்துக்கொண்டது, இரண்டையும் போடுங்கள். 'லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்' என்பதோடு 'ஃபண்ட்ஸ்', 'டிரான்ஸ்ஃபர்', 'ரீஇம்பர்ஸ்மென்ட்' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டு மொழி வெளியீடுகளைப் பயன்படுத்துவது பற்றி 1951-இல் வந்த உளவு ஆணை எண் 16-ஐயும் தேடுங்கள். இந்த வேலையை ஒருங்கிணைக்கும் பொறுப்பு சிஐஏவிடம் வந்ததற்கு அடிப்படை அது. சிஐஏவுக்குள் வெளிநாட்டு ஆவணப் பிரிவு என்று ஒன்று இருந்தது, அதன் பெயரும் உதவும். வாசிப்பறையின் தேடல் சரியாக வராவிட்டால், இதே ஆவணங்களின் நகல்கள் இண்டர்நெட் ஆர்க்கைவிலும் இருக்கின்றன, அங்கே பாருங்கள்.

ஒரு தாள் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படிப் படிப்பது? உச்சியிலும் அடியிலும் ஒரே வரி இருக்கும்: வெளியிட ஒப்புதல் தந்த தேதி, பக்கத்திலேயே 'சிஐஏ-ஆர்டிபி' என்று தொடங்கும் நீளமான எண். உள்ளே சில இடங்கள் வெள்ளைக் கட்டமாக வெறுமையாக இருக்கும். அதன் ஓரத்தில் '25எக்ஸ்1' என்றோ 'ஸ்டாட்' என்றோ சிறிதாக அச்சிட்டிருக்கும். முதலாவது, இருபத்தைந்து ஆண்டு விதிக்கு விலக்கு கேட்டு மறைத்தது. இரண்டாவது, ஒரு சட்டப் பிரிவைக் காட்டி மறைத்தது. பெரும்பாலும் ஆள் பெயரும் பிரிவின் பெயரும்தான் இப்படிப் போகும். நீளமான எண்ணின் முன்பகுதி ஒன்றாக இருக்கும் ஆவணங்கள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. எனவே ஒரு குறிப்பாணை கிடைத்தால் அந்த முன்பகுதியை மட்டும் போட்டு மறுபடி தேடுங்கள். உங்கள் தாளில் மறைத்த பெயர் பக்கத்துத் தாளில் மறைக்காமல் அப்படியே இருக்கலாம். இரண்டு பேர் வெவ்வேறு நாளில் மறைத்தால் அப்படித்தான் ஆகும்.

இன்னொரு விஷயம். குறிப்பாணையில் "ஆதரவு தரலாம்" என்றிருந்தால் அது யோசனை. "இந்த நிதியாண்டுக்கு இவ்வளவு மாற்றப்பட்டது" என்றிருந்தால்தான் பணம் போனதற்குச் சாட்சி. அந்தத் தொகையை அதே ஆண்டின் ஆண்டறிக்கை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு காகிதமும் பொருந்தினால் துணிந்து எழுதலாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குப் பின்னோக்கிப் போகிறவர்கள் காலேஜ் பார்க்கில் உள்ள ஓஎஸ்எஸ் (சிஐஏவுக்கு முந்தைய அமெரிக்க உளவு அமைப்பு) ஆவணங்களைப் பார்க்க வேண்டும், பதிவுத் தொகுதி எண் 226. அயல்நாட்டு வெளியீடுகளைத் திரட்ட 1941 கடைசியில் ஒரு துறைகளிடைக் குழு அமைந்தது. அதை நடத்தியவர் ஃபிரெடெரிக் கில்கோர் என்ற நூலகர். லிஸ்பன், ஸ்டாக்ஹோம் போன்ற நடுநிலை நகரங்களில் ஜெர்மன் இதழ்களை வாங்கி மைக்ரோஃபிலிமில் எடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள், அங்கே பொருள்வாரியாக அட்டவணை போட்டார்கள். இதே கில்கோர்தான் 1967-இல் ஓசிஎல்சியை நிறுவினார். இன்று உலகம் முழுக்க நூலகர்கள் வேர்ல்ட்கேட்டில் தேடுகிறோமே, அதன் தாய் நிறுவனம்.

1957-இல் தொடங்கிய ஜேபிஆர்எஸ் என்ற அமெரிக்க அரசு அமைப்பு வெளிநாட்டு வெளியீடுகளிலிருந்து செய்த மொழிபெயர்ப்புகளுக்கும் இதே முறைதான். பழைய அட்டைகளில் வணிகத் துறையின் பெயர்தான் இருக்கும். பின்னால் நின்றது சிஐஏ.

வாசிப்பறையில் இல்லாததைக் கேட்டு வாங்கவும் முடியும். நம் ஊர் ஆர்டிஐ இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். ஐபி, ரா போன்ற அமைப்புகளுக்கு அதில் 24-ஆம் பிரிவின்படி பெரும்பாலும் விலக்கு உண்டு. அமெரிக்கச் சட்டம் அப்படியில்லை, எந்த நாட்டுத் தனிமனிதரும் சிஐஏவிடம் மனுப் போடலாம். வெளிநாட்டு அரசோ அதன் பிரதிநிதியோ மட்டும் உளவு அமைப்புகளிடம் கேட்க முடியாது. மனுவில் "சிஐஏவும் காங்கிரஸ் நூலகமும் பற்றிய எல்லா ஆவணமும்" என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பட்டியலின் பெயர், இரண்டு மூன்று நிதியாண்டு, நிதி மாற்ற ஒப்பந்தம் என்று குறுக்கிக் கேளுங்கள். வெள்ளைக் கட்டம் உள்ள ஒரு தாளின் எண்ணைக் கொடுத்து, அதை மறுபடி பரிசீலித்து வெளியிடுங்கள் என்று கேட்பது இன்னும் நல்ல வழி. சட்டப்படி இருபது வேலை நாளில் பதில் வர வேண்டும். நடைமுறையில் மிக நீளும், அதனால் ஆய்வின் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

தமிழ் நூல்களோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காங்கிரஸ் நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் 1962 முதல் இந்திய நூல்வரவுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மொழிவாரியாக இருக்கும், தமிழும் உண்டு. சின்னப் பதிப்பகங்களின் வெளியீடுகளைத் தேட நான் அடிக்கடி எடுக்கிற தொகுதிகள் அவை. அவற்றையும் சிஐஏ கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள், அது தவறு. அந்தத் திட்டத்துக்குப் பணம் வந்தது பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டம் வழியாக. நாம் வாங்கிய அமெரிக்கக் கோதுமைக்கு ரூபாயில் கட்டிய விலை இங்கேயே அமெரிக்கக் கணக்கில் தேங்கியது. அதில் ஒரு பங்கை நூல் வாங்கப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் பகிரங்கமாகச் சட்டம் போட்டது. சிகாகோ முதலான பல்கலைக்கழகங்களுக்கு அன்றைய தமிழ் நூல்கள் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். அரசு பணம் என்பதும் உளவுப் பணம் என்பதும் ஒன்றில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் உண்மையிலேயே மறைத்துக் கொடுத்த பணத்தைப் பற்றி நாம் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைசியாக, ஆய்வேட்டில் எழுதும்போது 'சிஐஏ பட்டியல்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். பணம் நேரடியாக வந்ததா, துறை மாற்றமா, முகமூடி அமைப்பு வழியா என்று சொல்லுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை சான்று இருக்கிறது என்று குறியுங்கள். உள்ளடக்கத்தைத் தனியாக எடைபோடுங்கள். யார் கூலி கொடுத்திருந்தாலும், ஒரு போலந்து இதழின் பொருளடக்கத்தை வரி விடாமல் மொழிபெயர்த்த பட்டியலாளர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். அடிக்குறிப்பில் ஆவணத்தின் நீளமான எண்ணை முழுதாகக் கொடுங்கள், வெளியிட ஒப்புதல் தந்த தேதியையும் சேருங்கள், எந்தப் பத்தியில் கட்டம் போட்டு மறைத்திருக்கிறது என்றும் எழுதுங்கள். ஒரே தாள் சில ஆண்டு கழித்துக் குறைவாக மறைத்து மறுபடி வெளிவருவது உண்டு. அப்போது உங்களுக்குப் பின் வருகிறவர் எந்த நகலை நீங்கள் பார்த்தீர்கள் என்று உடனே கண்டுகொள்வார்.