படம் எடுக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தஞ்சைப் பெரிய கோயிலை முன்வைத்து

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலை ஐந்து மணிக்குச் செல்பவர்களில் பெரும்பாலானோர், இராசராசன் திருவாயிலைக் கடந்ததும் நந்தி மண்டபத்தின் அருகில் நின்று, கைப்பேசியை உயர்த்தி, கருவறைக்கு மேல் எழும் விமானத்தைப் படம் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் வெளுத்துப் போயிருக்கும், நேரில் தெளிவாகத் தெரிந்த சிற்பங்கள் இருண்டு கிடக்கும், விமானமோ பின்பக்கம் சாய்ந்தது போல் நிற்கும். நான் அங்கு எடுத்த முதல் படமும் அப்படித்தான் இருந்தது. கேமரா சரியில்லை என்று முடிவுகட்டி, வேறொன்று வாங்கலாமா என்று விலைகூட விசாரித்தேன். தவறு நான் போன நேரத்திலும் நின்ற இடத்திலும் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

அந்தக் கோயில் கிழக்கு நோக்கியது. மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இறங்குவதால், வாயில் பக்கம் நிற்பவர் கல்லின் நிழல் பக்கத்தையும் ஒளிமிக்க வானத்தையும் ஒருசேரப் பிடிக்க முயல்கிறார். நம் கண் இரண்டையும் சமாளித்துவிடும்; கேமராவால் அந்த அளவுக்கு முடியாது. இதற்குத் தீர்வு காலால் நடப்பதுதான். திருச்சுற்றில் வலம் வந்து மேற்குப் பக்கம் போய் நின்றால், சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், சற்றுமுன் கறுத்துத் தெரிந்த அதே கல் தேன் நிறத்தில் ஒளிரும். முகப்புதான் வேண்டும் என்பவர் காலையில், சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் வர வேண்டும். எந்த இடத்துக்குப் போனாலும் அது எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கிளம்புவதையே தொடக்கநிலையாளரின் முதல் தவறாக நான் கருதுகிறேன்.

நண்பகலில் மனிதர்களை வெட்டவெளியில் நிறுத்திப் படம் எடுப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. வெயில் உச்சியிலிருந்து விழும்போது கண்குழிகளில் நிழல் தேங்குகிறது, மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசை போல் விழுகிறது, கண் கூசுவதால் முகமும் சுருங்கிவிடுகிறது. அதே ஆளைச் சுற்று மண்டபத்தின் விளிம்பில், நிழலுக்குள் ஓரடி தள்ளி, முற்றத்தைப் பார்த்தவாறு நிற்கச் சொல்லுங்கள். வெயில்பட்ட தரையிலிருந்து எழும் ஒளி முகத்தில் மென்மையாகப் பரவும். புகைப்பட நிலையத்தில் வெள்ளைக் குடை விளக்கு வைத்துச் செய்வதும் இதைப் போன்றதுதான்.

விமானம் சாய்ந்து தெரிவதற்குக் காரணம் வேறு. ஏறத்தாழ 66 மீட்டர் உயரமுள்ள ஒன்றை அருகில் நின்று கேமராவை அண்ணாத்திப் பிடித்து எடுக்கும்போது, அடிப்பகுதி கேமராவுக்கு அருகிலும் உச்சி வெகு தொலைவிலும் இருப்பதால், செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றை நோக்கி ஒன்று நெருங்குகின்றன. முடிந்தவரை பின்னால் போய், கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் கோடுகள் நேராகும். அப்போது படத்தின் கீழ்ப்பாதியில் தரை நிறைய வரும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தரையில் நாலைந்து பேர் நடந்து போகட்டும். விமானத்தின் பேருருவம் அவர்களால்தான் பார்ப்பவருக்குப் புலப்படும். பின்னால் நகர இடமில்லையென்று கைப்பேசியின் அகலக்கோண லென்ஸுக்கு மாறுபவர்கள், குடும்பத்தினரை ஓரங்களில் நிறுத்தாதிருப்பது நல்லது, ஏனெனில் அந்த லென்ஸ் ஓரத்தில் இருப்பவரின் தலையையும் தோளையும் பக்கவாட்டில் இழுத்துவிடும்.

எல்லாவற்றிலும் அதிகமாகக் காணப்படும் தவறு, எடுக்க நினைத்ததை மட்டும் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவது. நாம் ஒருவரின் முகத்தைப் பார்க்கும்போது அவருக்குப் பின்னாலுள்ள விளக்குக் கம்பத்தை மனம் ஒதுக்கிவிடுகிறது. கேமராவுக்கு முகமும் கம்பமும் ஒன்றுதான். படத்தில் அந்தக் கம்பம் அத்தையின் தலையிலிருந்து முளைத்திருக்கும், ஓரத்தில் குப்பைத் தொட்டி பாதி எட்டிப் பார்க்கும், முன்னால் யாரோ ஒருவரின் முழங்கை நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்துவதற்கு முன் திரையின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றிவரும் பழக்கம் வந்துவிட்டால் இவற்றில் பெரும்பகுதி நீங்கும். பெரும்பாலும் இடப்பக்கம் ஓரடி நகர்ந்தாலோ, முழங்காலிட்டு அமர்ந்து வானத்தைப் பின்னணியாக்கினாலோ போதும். ஆட்களை அவரவர் கணுக்காலிலோ முழங்காலிலோ வெட்டும்படி சட்டகம் அமைவதையும் அப்போதே கவனித்துவிடலாம். மூட்டில் வெட்டினால் உறுப்பே இல்லாதது போன்ற உறுத்தல் ஏற்படும்.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றிக் கேள்விப்படாத தொடக்கநிலையாளர் இல்லை. சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அக்கோடுகளின் மீது வைக்க வேண்டும் என்பது அவ்விதி. இப்பெயரில் அதை 1797-இல் எழுதிவைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். அன்று புகைப்படக் கேமராவே கிடையாது. முகத்தைச் சட்டகத்தின் நட்டநடுவில் வைத்து, தலைக்கு மேல் பாதிப் படத்தை வெறும் வானத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை முறிக்க அது உதவும். ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே பிடித்துக்கொண்டிருப்பதும் தவறுதான். நந்தியும் விமானமும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்த இடத்தில் விமானத்தை வலப்பக்கம் ஒதுக்கினால், கட்டியவர்கள் திட்டமிட்ட சமச்சீரைக் கெடுத்ததாகத்தான் ஆகும். அங்கே நடுவில் வைப்பதே முறை.

ஒளியளவை முழுவதும் கேமராவிடமே விட்டுவிடுவதால் நேரும் கோளாறு ஒன்று உண்டு. எதிரில் இருப்பது கருங்கல்லா வெள்ளை வேட்டியா என்பது கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சராசரிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே அது முயலும். கரிய நந்தி சட்டகத்தை நிறைத்தால் படம் வெளிறிச் சாம்பல் பூத்தது போல் வருவதும், வெள்ளை உடையணிந்தவர்கள் வரிசையாக நின்றால் உடை அழுக்கேறியது போல் தெரிவதும் இதனால்தான். கைப்பேசித் திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியை, கருமைக்குக் கீழேயும் வெண்மைக்கு மேலேயும் இழுக்க வேண்டும். முதலில் இது தலைகீழாகத் தோன்றும், இரண்டு மூன்று முறை செய்து பார்த்தால் பழகிவிடும்.

மாலை மங்கும் நேரத்தில் முற்றத்தில் ஓடும் குழந்தை கலங்கி வருவது ஷட்டர் வேகம் குறைவதால், அதாவது ஒளியை உள்ளே விடும் திறப்பு அதிக நேரம் திறந்திருப்பதால். தானியங்கி முறை நொடியில் 30-இல் ஒரு பங்கைத் தேர்ந்திருக்கும். ஓடும் குழந்தைக்கு 500-இல் ஒரு பங்காவது வேண்டும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி எதிரில் இருப்பவரின் ஓட்டத்தை நிறுத்தாது. கேமரா ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை உயர்த்தினால் அந்த வேகம் கிடைக்கும். ஆனால் படத்தில் புள்ளிகள் தெரியும் என்று அஞ்சி அதைத் தாழ்வாகவே வைத்திருப்பவர்கள் உள்ளனர். புள்ளிகள் உள்ள படத்தைப் பார்த்து மகிழலாம், கலங்கிய முகத்தை எந்தச் செயலியாலும் முழுமையாக மீட்க முடியாது.

கைப்பேசியின் ஃபிளாஷ் சில மீட்டர் தொலைவுக்கு மேல் பயன்படாது என்பதால், இரவில் விமானத்தை நோக்கி அதை மின்னவிடுவது வீண். அதைவிட, சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு கிடந்த கைப்பேசியின் லென்ஸை வேட்டி நுனியால் ஒருமுறை துடையுங்கள். விளக்குகளைச் சுற்றிப் புகை போல் படரும் வெளிச்சம் பெரும்பாலும் அத்துடன் மறைந்துவிடும்.