பாரீஸ் கார்னருக்கு ஒரு காலை ஒதுக்குங்கள்

சென்னைக்கு வந்தால் தி.நகர், மாமல்லபுரம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றே நாள் ஓடிவிடும். இந்த முறை ஒரு காலைப் பொழுதை பாரீஸ் கார்னர் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்குக் கொடுங்கள். ஊரின் பணம் புரண்ட இடம் அது, இன்றும் புரள்கிற இடம்.

காரில் போகாதீர்கள், நிறுத்த இடமே கிடைக்காது. மெட்ரோ என்றால் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி, மின்சார ரயில் என்றால் கடற்கரை ஸ்டேஷன். ஆட்டோக்காரரிடம் 'பாரீஸ்' என்றால் போதும். வார நாளில் பத்து மணிக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை வங்கிகளும் மொத்த வியாபாரக் கடைகளும் பூட்டிக் கிடக்கும்.

பாரீஸ் என்ற பெயர் 1788-ல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வியாபாரியுடையது. முனையில் நிற்கும் டேர் ஹவுஸ் அவர் தொடங்கிய கம்பெனியின் கட்டடம். எதிரே உயர் நீதிமன்ற வளாகத்தைப் பாருங்கள், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் அங்கேதான் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்து, மூன்று வருஷம் கழித்து அது திரும்பக் கைக்கு வந்ததும், இனி எதிரி வீடுகளுக்குப் பின்னால் பதுங்கி வரக்கூடாது என்று ஆங்கிலேயர் அந்த வீடுகளை மெல்ல மெல்ல இடித்து மக்களை வடக்கே தள்ளினார்கள். அப்படி வளர்ந்ததுதான் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு எல்லாம்.

அப்புறம் ராஜாஜி சாலையில் நடங்கள். துறைமுகம் வருவதற்கு முன் அலை இந்தச் சாலை வரை வந்தது. சிவப்புச் செங்கல்லில் குவிமாடங்களோடு நிற்கும் ஸ்டேட் வங்கிக் கட்டடம், 1843-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மெட்ராஸுக்காகக் கட்டியது. காவலரிடம் கேட்டுவிட்டே படம் எடுங்கள்.

இந்தச் சாலையில் எனக்கு மனசு கனக்கிற கதை அர்பத்நாட் கம்பெனியுடையது. வெள்ளைக்காரன் கம்பெனி, அசையாது என்று நம்பி, ஓய்வூதியக்காரரும் விதவைகளும் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். 1906 அக்டோபரில் அது திவாலானது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார், ஆனால் போன பணம் முழுசாகத் திரும்பவில்லை. நம் பணத்துக்கு நம் வங்கி வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று ஆள் சேர்க்க, நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதல் போட, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி வேலையைத் தொடங்கியது. அதே ராஜாஜி சாலையில் அதன் பெரிய கட்டடத்தை இன்றும் பார்க்கலாம்.

உள்ளே திரும்பினால் தெருவுக்கு ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோடவுன் தெருவில் துணி. கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளை உயரமாக அடுக்கிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று 'ஓரம், ஓரம்' என்ற கத்தலோடு முதுகை உரசிக்கொண்டு போகும், சட்டென்று கடைப்படியில் ஏறி நின்றுகொள்ளுங்கள். சவுக்கார்பேட்டையின் பெயரே வட்டிக்குக் கொடுக்கும் சவுக்கார்களால் வந்தது, அடகுக் கடைகள் இன்னும் இருக்கின்றன. தங்கசாலைத் தெருவில் ஒரு காலத்தில் நாணயமே அடித்தார்கள்.

பணம் கொடுக்கப் போனால் கடைக்காரர்கள் எல்லாரும் கியூஆர் அட்டையைத்தான் காட்டுவார்கள். இந்திய வங்கிக் கணக்கு இல்லையென்றால் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாளையும் கும்பிட்டுவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கிட்டங்கி என்ற சொல் தெரிந்திருக்கும், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய இடம் அது. அங்கே பெட்டகத்தோடு உட்கார்ந்து கடன் கொடுத்த நகரத்தாரின் வரவு செலவு இந்த ஊரோடும் பின்னியிருந்தது. 1937-ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தார்கள். பின்னாளில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழருக்கு இதே கடற்கரையோரம் பர்மா பஜார் பிழைப்புக் கொடுத்தது. சாயங்காலம் வரை இருக்க முடிந்தால் அங்கே பக்கத்தில் செகண்ட் லைன் பீச் என்ற தெருவில் பர்மியச் சாப்பாடான அத்தோ சாப்பிடுங்கள். நூடுல்ஸும் முட்டைக்கோஸும் வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே சூடாக வாழைத்தண்டு சூப்.