நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தை மருத்துவரிடம் வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் நலப் பிரிவில் புதிதாகச் சேரும் மருத்துவர்களின் குறிப்புகளைப் படிக்கும்போது, நான் தொடக்கத்தில் எழுதியவற்றையே வேறொருவர் கையெழுத்தில் படிப்பதுபோல் இருக்கிறது. நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட அடிக்கடி மருத்துவரிடம் வருகிறார்கள். அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வருவதும் அவர்களிடம் கூடுதல். அவர்களிடம் பொறுமை வேண்டும் என்பதை எல்லாரும் அறிவார்கள் என்பதால், அதை விட்டுவிடுகிறேன்.

உடலைத் தொட்டுப் பார்க்காமல் நடத்தை என்று எழுதுவது

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கோப்பில், வகுப்பில் அடங்காதவன், எதிர்த்துப் பேசுபவன் என்று முன்பே எழுதப்பட்டிருந்தது. உள்ளாடையிலேயே மலம் கழிக்கிறான் என்று தாய் அழைத்துவந்தார். "வேணும்னே பண்றான் டாக்டர்" என்று அவர் சொன்னதை நான் அப்படியே ஏற்று, ஆலோசகரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை மலம் நீர்த்துப் போகிறது என்றார்கள். வேறொரு மருத்துவர் வயிற்றுப்போக்கை நிறுத்த மருந்து கொடுத்தார். ஆறு மாதங்களில் ஐந்து வருகைகள் ஆயின. ஆறாவது முறை, அவனுடைய கோப்பைப் படிக்க நேரமில்லாத ஒரு பயிற்சி மருத்துவர் வயிற்றில் கை வைத்து அழுத்தினார். இடப்பக்கக் கீழ்வயிற்றில் கெட்டியான மலக்கட்டி தட்டுப்பட்டது.

நாட்பட்ட மலச்சிக்கலில் மலக்குடல் விரிந்து, நிரம்பியிருக்கும் உணர்வே குறைந்துவிடுகிறது. கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் தானாகக் கசிகிறது. அது குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லை. வயிற்றுப்போக்கு என்று எண்ணிக் கொடுக்கும் மருந்து அடைப்பை இன்னும் இறுக்கும். தேங்கியதை மலமிளக்கியால் வெளியேற்றிவிட்டு, குடல் பழைய நிலைக்குத் திரும்பும்வரை பல மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டும்; சாப்பிட்டவுடன் குடல் இயல்பாக அசையும் என்பதால், அந்த நேரத்தில் கழிப்பறையில் உட்காரப் பழக்க வேண்டும். இவ்வளவுதான் சிகிச்சை. அந்த ஆறு மாதமும் அவன் வீட்டில் அதற்காக அடி வாங்கியிருக்கிறான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்றும் என் எரிச்சல் முழுவதும் என் மீதுதான். மலச்சிக்கல் தீர்ந்த பின்னும் அவன் துடியான பிள்ளையாகவே இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகிவிடாது.

சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் வலிப்பு கவனக்குறைவு என்றும், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு என்ற சதை வீங்கிக் குறட்டையால் தூக்கம் கெட்ட குழந்தையின் எரிச்சல் அடம் என்றும் எழுதப்படுவது இதே தவறுதான்.

கூப்பிட்டால் திரும்பாதவனைப் பிடிவாதக்காரன் என்பது

முதலில் செவித்திறனைச் சோதியுங்கள்.

வருகை எண்ணிக்கையைத் தேவையின் அளவாகக் கொள்வது

குழந்தையை மருத்துவரிடம் அழைத்துவருவது பெரியவரின் முடிவு. ஆகவே வருகையின் எண்ணிக்கை குழந்தையின் நோயை மட்டுமன்றி, பெற்றோரின் கவலையையும் களைப்பையும் சேர்த்தே காட்டுகிறது. அடங்காத பிள்ளை பத்து முறை வருகையில், யாருக்கும் தொல்லை தராமல் தனக்குள் ஒடுங்கிப்போன பிள்ளை ஒருமுறைகூட வராமல் போகலாம். குறித்த நாளில் வராத குடும்பத்தை அலட்சியமானது என்று எழுதுவதற்கு முன், தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டால் காரணம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அறைக்குள் கண்டதை மட்டும் நம்புவது

ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு) என்று முடிவு செய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி போன்ற இரண்டு சூழல்களிலாவது தெரிய வேண்டும். புதிய அறையில் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருப்பது பல குழந்தைகளுக்கு முடியும். ஆசிரியரிடம் கேளுங்கள்.

மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு மறப்பது

ஏடிஎச்டிக்கான தூண்டு மருந்து எடுக்கும் குழந்தைக்கு உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் தொடர்ந்து அளந்து குறிக்க வேண்டும்.