20 அடி ஃபைபர் படகுக்குத் தற்காலிகப் பெயிண்ட் கூடாரம்

படகைச் சுற்றி நாலு பக்கமும் 3 அடி இடம் வேண்டும். 7 அடி அகலப் படகென்றால் கூடாரம் 26 அடி நீளம், 13 அடி அகலம், 9 அடி உயரம். நீளப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 5 வீதம், 11 அடிச் சவுக்குக் கம்புகள் 10 எடுத்து 2 அடி ஆழத்தில் நடுங்கள். குறுக்குக் கம்பு கட்டி, 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை மேலே போர்த்துங்கள். ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறியிருக்கட்டும். டேப் கூடாரத்தின் வெளிப்பக்கம்தான்.

பெரும்பாலோர் தவறுவது மின்விசிறியில். காற்றை வெளியே இழுக்கும்படி வைத்தால் தின்னர் ஆவி மோட்டார் வழியாகப் போகும். சாதாரண மோட்டாரின் ஒரு பொறி போதும், தீப்பிடிக்க. ஒவ்வொரு இடுக்கிலும் தூசியும் உள்ளே வரும். ஆகவே விசிறியை வெளியே வைத்து, ஃபில்டர் வழியாக நல்ல காற்றை உள்ளே தள்ளுங்கள். எதிர்முனையில் தரையை ஒட்டி வெளியேறும் வாய், அதிலும் ஃபில்டர். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. ஷீட் லேசாக வெளிப்புறம் உப்பினால் சரி. பெயிண்ட் புகை உள்ளேயே நின்றால் வாயைப் பெரிதாக்குங்கள். விளக்கு, ஸ்விட்ச், கம்ப்ரெசர் எல்லாம் வெளியே. வெளிச்சம் ஷீட் வழியே வரும்.

தரையில் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும். தேங்கவிடாதீர்கள், ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பளபளப்பு மங்கும். கடலோரத்தில் அதிகாலையும் அந்தியும் வேண்டாம்.

இரண்டு பாகப் பாலியூரிதேன் பெயிண்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. துணி முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி இல்லாமல் ஸ்ப்ரே செய்யவே செய்யாதீர்கள்.