வளவில் தண்ணீர்க் கோலம்

சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்போது கலரும் தாளும் தேட வேண்டாம். ஒரு கிண்ணியில் கால்வாசித் தண்ணீரும் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் கொடுத்து, வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) கல் தளத்தில் உட்கார வையுங்கள். நனைந்த கல் கருத்துப்போவதால் கோடு பளிச்சென்று தெரியும். வெயில் பட்டதும் காய்ந்து மறைந்துவிடும். பிள்ளை சலிக்காமல் மறுபடி வரையும், நமக்கும் துடைக்கிற வேலை இல்லை. அப்பத்தா மாவுக் கரைசலில் துணியை முக்கி நடுவீட்டுக் கோலம் போடுவதைப் பார்த்த பிள்ளை, அதே மாதிரி துணியைத் தண்ணீரில் முக்கி விரல் வழியே நீரை இழுத்துப் பார்க்கும். அது தனி அழகு!

சிமெண்ட் திண்ணையிலும் நன்றாக வரும். ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாடுள்ள தரை ஓடு) பதித்த இடத்தில் மட்டும் வேண்டாம்: வழவழப்பில் கோடு நிற்காது, காலும் வழுக்கும். அப்புறம், மழைநாளில் சீக்கிரம் காயாது.