மட்டக்குதிரையின் கால்வலி: மேய்ச்சலிலும் குளம்புப் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷெட்லாண்ட், எக்ஸ்மூர், வெல்ஷ் போன்ற பிரிட்டனின் மட்டக்குதிரை இனங்கள் காற்றும் மழையும் அடிக்கிற மேட்டு நிலங்களில் நார் மிகுந்த கரட்டுப் புல்லைத் தின்று பிழைத்தவை. கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைத்துக் குளிர்காலத்தைக் கடக்கும் உடம்பு அவற்றுக்கு. கறவை மாடுகளுக்காக ரைகிராஸ் என்ற சர்க்கரை மிகுந்த புல்லை விதைத்த வயலில் அவற்றை விட்டால், முதலில் கெடுவது கால்தான். வசந்த காலத்தில் ஒரு குதிரை கல் தரையில் நடக்கத் தயங்குகிறது, திரும்பும்போது தடுமாறுகிறது, எடையைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி நிற்கிறது என்றால் லேமினைடிஸ் என்ற குளம்பு நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

"கல் குத்தியிருக்கும்" என்று இரண்டு நாள் விட்டுப் பார்ப்பதுதான் முதல் தவறு. கல்லடியோ சீழ்க்கட்டியோ பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். லேமினைடிஸ் வழக்கமாக இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்துப் பிடிக்கும். குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்கம் விரலை வைத்தால் நாடி ஓங்கித் துடிப்பது தெரியும். குதிரை நலமாக இருக்கும்போதே அந்த நாடியைத் தொட்டுப் பழகியிருந்தால்தான் வித்தியாசம் புரியும்.

குளம்புச் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் பிணைத்து வைத்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு தளர்வதுதான் இந்த நோய். மிகவும் தளர்ந்தால் எலும்பு கீழ்நோக்கிச் சாயும். தளரவைப்பதில் இன்சுலினுக்கு உள்ள பங்கு 2007-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் தெளிவானது: நலமான மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து உயர்த்தி வைத்தபோது 72 மணி நேரத்துக்குள் அவற்றுக்கு லேமினைடிஸ் வந்தது. ஆகவே குளம்பைச் சீவுவதும் லாடம் மாற்றுவதும் மட்டும் போதாது. இன்சுலினை உயர்த்துவது புல்லில் உள்ள சர்க்கரை, அதைக் குறைக்காதவரை வலி திரும்பி வரும்.

புல் விஷயத்தில்தான் அக்கறையுள்ளவர்கள்கூடத் தவறுகிறார்கள். "மூன்று மணி நேரம்தான் மேயவிடுகிறேன்" என்பார்கள். நேரம் குறைவு என்று தெரிந்துகொண்ட குதிரை வேகமாகத் தின்னக் கற்றுக்கொள்கிறது. மூன்று மணி நேரத்திலேயே ஒரு நாள் தீனியில் ஐந்தில் இரண்டு பங்கு வரை உள்ளே போய்விடலாம். உழவு மாட்டுக்குக் கட்டுவதுபோல வாய்க்கூடை கட்டினால் மேய்வது வெகுவாகக் குறையும். அதைக் கொடுமை என்று நினைக்க வேண்டியதில்லை, வலியோடு நிற்பதுதான் கொடுமை. ஆனால் கூடை உரசாமல் பொருந்த வேண்டும், தண்ணீர் குடிக்க முடிய வேண்டும், நாள் முழுக்கக் கட்டியே வைக்கக் கூடாது.

ஒட்ட மேய்ந்த கட்டைப்புல் ஆபத்தில்லாதது என்ற நம்பிக்கையும் தவறு. வறட்சியிலும் மிதிபட்டும் வாடிய புல்லில் சர்க்கரை கூடுதலாக இருக்கலாம். புல் பகல் வெயிலில் சர்க்கரை செய்து, இரவில் வளர்ச்சிக்குச் செலவிடுகிறது. வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்று சர்க்கரை தங்கிவிடும். அதனால்தான் உறைபனி படிந்து வெயில் அடிக்கும் காலை நேரம் மோசமானது. சாதாரண நாளில் விடியற்காலை மேய்ச்சல் நல்லது, உறைபனி நாளில் அதே நேரம் கெட்டது. இலையுதிர் காலத்து மழைக்குப் பின் தழைக்கும் புல்லையும் வசந்தப் புல்லைப் போலவே பார்க்க வேண்டும்.

பயந்துபோய்ப் பட்டினி போடுவது இன்னும் பெரிய தவறு. கொழுத்த மட்டக்குதிரைக்குத் தீனி திடீரென்று நின்றால் இரத்தத்தில் கொழுப்பு பெருகி உயிரே போகலாம். ஷெட்லாண்டுக்கு இந்த ஆபத்து அதிகம். உடல் எடையில் சுமார் 1.5 சதவீதம் உலர்புல் என்பது பொதுவான தொடக்க அளவு, அதற்குக் கீழே போவதென்றால் மருத்துவர் சொல்ல வேண்டும். உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை குறையும். எவ்வளவு குறையும் என்பது புல்லுக்குப் புல் மாறும், ஆகவே முடிந்தால் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் ஊறியதை நெடுநேரம் வைக்காதீர்கள், புளித்துவிடும்.

வலி வந்த நாளில் "நடந்தால் சரியாகும்" என்று நடத்தவே கூடாது. ஒவ்வோர் அடியும் தளர்ந்த பிணைப்பைப் பிய்க்கும். கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை புல்லிலிருந்து பிரித்து, மரத்தூளைக் கனமாகப் பரப்பிய தொழுவத்தில், குதிரை விரும்பினால் படுக்க இடம் விட்டு வைத்திருங்கள். ஆரம்ப நாட்களில் குளம்புகளைப் பனிக்கட்டியில் வைப்பது உதவும். வலிமருந்து வேலை செய்து குதிரை நன்றாக நடந்தாலும் உள்ளே பிணைப்பு இறுகியிருக்காது. அதை நம்பி மேய விடுவது அடுத்த தாக்குதலுக்கு வழி.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். முன்பக்கச் சுவர் முழுதும் புதிதாக இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும். அதுவரை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். தள்ளிப்போட்டால் நீண்ட முன்விளிம்பு நெம்பி, பிணைப்பை மேலும் பிளக்கும். முன்விளிம்பைக் குறைப்பது சரி. அடித்தளத்தைச் சீவி மெலிதாக்குவது தவறு, அதுதான் எலும்புக்குக் கீழே மிஞ்சியிருக்கும் காப்பு. பக்கவாட்டு எக்ஸ்ரே இல்லாமல் குதிகாலை எவ்வளவு இறக்குவது என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. மருத்துவரும் லாடம் அடிப்பவரும் ஒரே படத்தைப் பார்த்து முடிவெடுக்கச் செய்யுங்கள். பிரிட்டனில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்றவர்களே லாடம் அடிக்கலாம். வெறுங்குளம்பைச் சீவ அந்தக் கட்டுப்பாடு இல்லை. சீவ வருபவரின் பயிற்சியை விசாரிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

குளம்பில் உள்ள வளையங்களையும் பாருங்கள். முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்திருந்தால், நீங்கள் கவனிக்காமலே முன்பு ஒரு தாக்குதல் வந்து போயிருக்கலாம். பிடரி மேடு தடித்து இறுகியிருந்தால் இன்சுலின் பரிசோதனை கேளுங்கள். 15 வயதைத் தாண்டிய குதிரை கோடையிலும் ரோமம் உதிர்க்காமல் நின்றால் குஷிங் என்ற ஹார்மோன் கோளாறு நோய்க்கும் இரத்தப் பரிசோதனை தேவை. பெர்கோலைடு என்ற மருந்து அதைக் கட்டுக்குள் வைக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால், எத்தனை வேலி போட்டாலும் கால்வலி தீராமல் போகலாம்.